ஆட்டோ சுழற்சியைத் திருப்பினால் எந்தக் குளிர்பெட்டி?

பாலிடெக்னிக் கல்லூரியில் வெப்பப் பொறியியல் நடத்தும் நான், சுழற்சிகள் (எந்திரத்துக்குள் வாயுவோ நீராவியோ சூடாகி, விரிந்து, குளிர்ந்து, தொடங்கிய நிலைக்கே திரும்பும் சுற்றுகள்) பற்றிய பாடத்தை நெடுங்காலம் பாடநூல் வைத்திருந்த வரிசையிலேயே நடத்தி வந்தேன். கார்னோ, ஆட்டோ, டீசல், இரட்டை எரிதல், பிரெய்டன், ராங்கின், ஸ்டிர்லிங், எரிக்சன் என்று பெரும்பாலும் ஆட்களின் பெயரால் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் அழுத்தம்–பருமன் வரைபடம் ஒன்று, பயனுறுதிறனுக்கு (தந்த வெப்பத்தில் எத்தனை பங்கு வேலையாகிறது என்பதற்கு) ஒரு சூத்திரம், தேர்வுக்கு ஒரு கணக்கு. குளிர்பதனம் பின்னால் தனி அலகாக வரும். அங்கே பெல்–கோல்மன், ஆவி அமுக்கம், ஆவி உறிஞ்சல் என்று வேறொரு பட்டியல் தொடங்கும். முதல் பட்டியலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள உறவை ஒரு வகுப்பில் எடுத்துச் சொன்னேன்: ராங்கின் சுழற்சியைத் திருப்பினால் வீட்டுக் குளிர்பெட்டி, பிரெய்டன் சுழற்சியைத் திருப்பினால் விமானத்தின் குளிரூட்டி. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “அப்போ ஆட்டோ சைக்கிளைத் திருப்பினா எந்த ஃபிரிட்ஜ் சார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, அன்றிரவு தாளில் இரண்டு பத்திகள் போட்டேன். இடப்பக்கம் எந்திரச் சுழற்சிகள்; வலப்பக்கம் அவற்றைத் திருப்பினால் கிடைக்கும் குளிர்பதனச் சுழற்சிகள். ராங்கினுக்கும் பிரெய்டனுக்கும் ஸ்டிர்லிங்குக்கும் எதிரே எழுத ஏதோ ஒன்று கிடைத்தது. ஆட்டோவுக்கும் டீசலுக்கும் எதிரே கட்டம் காலியாக நின்றது. அந்தக் காலிக் கட்டத்தை விளக்க முயன்றபோதுதான், இந்தப் பாடத்தை எப்படி வகைப்படுத்தியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பெயர்களை நம்பி வகுப்பது பயன்படாது. பிரெய்டன் என்றதும் நாம் வாயு டர்பைனை நினைக்கிறோம். ஆனால் ஜார்ஜ் பிரெய்டன் 1872-இல் காப்புரிமை பெற்றது பிஸ்டன் எந்திரத்துக்கு. நியூகோமனின் நீராவி எந்திரம் 1712-லேயே சுரங்கத்தில் நீர் இறைத்துவிட்டது. ராங்கின் அதன் கோட்பாட்டை முறைப்படுத்தி நூலாக வெளியிட்டது 1859-இல். கார்னோ எந்த எந்திரத்தையும் கட்டவில்லை. ஆட்டோ சுழற்சி என்பதை ஆட்டோரிக்‌ஷாவோடு இணைத்துப் புரிந்துகொள்ளும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அது 1876-இல் நான்கு வீச்சு எந்திரத்தை ஓட்டிக்காட்டிய நிகோலாஸ் ஆட்டோ என்ற ஜெர்மானியரின் பெயர். அந்த நான்கு வீச்சுக் கொள்கையையும் பிரான்சின் போ த ரோஷா 1862-லேயே எழுதி வைத்திருந்தார். பெயர்களுக்குப் பின்னால் சுவையான வரலாறு இருக்கிறது. எந்தச் சுழற்சி எதற்கு உறவு என்பது அவற்றில் இல்லை. உறவு தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு இயந்திரத்திடமும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி எளியது: சுழற்சி எந்தத் திசையில் போகிறது? கார்னோவின் கருத்தை 1834-இல் கிளாபெய்ரோன் அழுத்தம்–பருமன் வரைபடமாக வரைந்து காட்டிய பிறகு இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோடு வலஞ்சுழியாகப் போனால், அது சூழ்ந்த பரப்பு அத்தனையும் நமக்குக் கிடைக்கும் வேலை. வெப்பம் சூடான மூலத்திலிருந்து வந்து, ஒரு பங்கு வேலையாகி, மீதி குளிர்ந்த ஏற்பிக்குப் போகிறது. இடஞ்சுழியாகப் போனால் அதே பரப்பு நாம் கொடுக்க வேண்டிய வேலை. வெப்பம் குளிர்ந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டுச் சூடான இடத்தில் கொட்டப்படுகிறது. குளிர்பெட்டியும், குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் வெப்ப ஏற்றியும் ஒரே இடஞ்சுழி இயந்திரம்தான். எந்த முனை நமக்கு வேண்டும் என்பதில் மட்டுமே வேறுபாடு. எனவே ஒரே வெப்பநிலைகளுக்கு இடையில் வேலை செய்யும்போது இரண்டின் செயல்திறன் குணகமும் (கொடுத்த வேலையைப் போல எத்தனை மடங்கு வெப்பம் நமக்கு வேண்டிய முனையில் கிடைக்கிறது என்ற எண்) சரியாக 1 அளவுக்கு வேறுபடும். உறைபெட்டி மைனஸ் 20 டிகிரியிலும் பின்பக்கக் கம்பிவலை 45 டிகிரியிலும் இருந்தால், கார்னோ எல்லை, அதாவது எந்த இயந்திரமும் தாண்ட முடியாத உச்சம், குளிர்பதனத்துக்கு 3.9, சூடாக்கலுக்கு 4.9. உண்மையான இயந்திரங்கள் இதில் பாதியைத் தொட்டாலே நல்லது.

இரண்டாம் கேள்வியைத்தான் இந்தப் பாடத்தின் முதுகெலும்பாகக் கருதுகிறேன். செயல்படும் பொருள் சுழற்சியின் நடுவே திரவமாகிறதா, அல்லது முழுவதும் வாயுவாகவே இருக்கிறதா? ஆவிச் சுழற்சி, வாயுச் சுழற்சி என்று பாடநூல் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் எந்த எந்திரம் வரலாற்றில் முன்னே வந்தது, எது பின்தங்கியது, எந்தக் குளிர்பெட்டியில் எந்த உறுப்பு இருக்கிறது, எது இல்லை என்பதெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நெய்வேலியில் உள்ளது போன்ற அனல்மின் நிலையம் ஒன்றில், நீராவியை மீண்டும் தண்ணீராக்கும் கண்டென்சரிலிருந்து வரும் ஒரு கிலோ தண்ணீரை 100 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு) அழுத்தத்துக்கு ஏற்றி பாய்லருக்குள் தள்ள வேண்டும். ஒரு கிலோ தண்ணீரின் பருமன் ஒரு லிட்டர்தான். அழுத்தினாலும் அது ஏறக்குறைய மாறாது. எனவே பம்புக்குத் தேவைப்படும் வேலை ஏறத்தாழ 10 கிலோஜூல். அதே ஒரு கிலோ, 500 டிகிரி நீராவியாகி டர்பைன் வழியே 0.1 பார் வரை விரிந்தால், இழப்புகள் இல்லாத நிலையில் 1,200 கிலோஜூலுக்கு மேல் தரும். நூறு ரூபாய் சம்பாதிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். சிறிய பருமனில் அழுத்தி, பெரிய பருமனில் விரியவிடுவதே ராங்கின் சுழற்சி பெறும் சலுகை. அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் கரடுமுரடான சிலிண்டர்களும், கசியும் பிஸ்டன்களும், நூற்றில் ஒன்றைக்கூட எட்டாத பயனுறுதிறனும் இருந்தபோதே நீராவி எந்திரம் வேலை செய்துவிட்டது. உறுப்புகள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வரவை விழுங்கிவிட அங்கே பெரிய செலவு எதுவும் இல்லை.

வாயுச் சுழற்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. காற்றை அமுக்குவதென்றால் முழுப் பருமனையும் அமுக்கியாக வேண்டும். 300 கெல்வினில் காற்றை எடுத்துப் பத்து மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கி, 1,300 கெல்வின் வரை சூடேற்றி விரியவிடும் பிரெய்டன் சுழற்சியில், உறுப்புகள் குறையே இல்லாதவை என்று கொண்டாலும், டர்பைன் தரும் வேலையில் 45 சதவீதம் கம்ப்ரசருக்கே திரும்பிப் போகிறது. இப்போது உலோகம் தாங்கும் வெப்பநிலையை 900 கெல்வினாகக் குறைத்து, கம்ப்ரசரும் டர்பைனும் தலா 75 சதவீதத் திறன் கொண்டவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், கம்ப்ரசர் கேட்பது டர்பைன் தருவதைவிட அதிகமாகிவிடுகிறது. எவ்வளவு எரிபொருள் ஊற்றினாலும் அந்த எந்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக்கூட முடியாது. நார்வேயின் எகிதியஸ் எல்லிங் 1903-இல் முதன்முதலாகத் தன் தேவை போக மிச்சம் தரும் வாயு டர்பைனை ஓட்டியபோது கிடைத்தது 11 குதிரைத்திறன். ஊருக்கு மின்சாரம் வழங்கிய முதல் வாயு டர்பைன் சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் நகரில் 1939-இல் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் டர்பைன் உண்டாக்கிய 15,400 கிலோவாட்டில் ஏறத்தாழ 11,400 கம்ப்ரசருக்குப் போய், ஜெனரேட்டருக்கு மிஞ்சியது 4,000, பயனுறுதிறன் 17.4 சதவீதம். நியூகோமனிலிருந்து அதுவரை 227 ஆண்டுகள். இந்த இடைவெளியை நான் கரும்பலகையில் ஒரு கோடாகவே வரைந்து காட்டுகிறேன். டர்பைன் தகட்டுக்கான உலோகக்கலவையும், காற்றோட்டம் பிரியாமல் அமுக்கும் கம்ப்ரசர் இறக்கைகளும் அந்த இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான் போதிய தரத்துக்கு வந்தன.

பின்னாளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வாயு டர்பைன் வெளியேற்றும் புகை 600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இருப்பதால், அதைக் கொண்டே நீராவி உண்டாக்கி ராங்கின் சுழற்சி ஒன்றையும் ஓட்டலாம். இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரில் இயற்கை எரிவாயுவை எரிக்கும் மின்நிலையம் இந்தக் கூட்டுச் சுழற்சி வகைதான். உலகின் சிறந்த கூட்டுச் சுழற்சி நிலையங்கள் இன்று 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. இதைப் புதிய வகையாக எண்ண வேண்டியதில்லை. ஒன்றின் ஏற்பி மற்றொன்றின் மூலம். மீள்சூடேற்றம், ஊட்டுநீர் சூடேற்றம் போன்றவற்றையும் தனி வகைகளாக எண்ணுவதில்லை. அவை இருக்கும் சுழற்சியின் திருத்தங்கள்.

திரவத்தை அமுக்குவது மலிவு என்ற அதே உண்மை குளிர்பதனத்தில் கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறித் தெரிகிறது. ராங்கின் சுழற்சியை அப்படியே திருப்பினால், பம்ப் இருந்த இடத்தில் திரவத்தை விரியவிட்டு வேலை எடுக்கும் ஒரு சிறு டர்பைன் இருக்க வேண்டும். ஆனால் திரவம் விரிவதில் கிடைக்கும் வேலை மிகச் சொற்பம். அதற்காக ஓர் உறுப்பைச் செய்து வைப்பது வீண். எனவே குளிர்பெட்டியில் அந்த இடத்தில் மிகக் குறுகிய துளை கொண்ட ஒரு செம்புக் குழாய், கேபிலரி, மட்டுமே இருக்கிறது. ஆவி அமுக்கச் சுழற்சி ஏன் ராங்கினின் சரியான தலைகீழ் வடிவமாக இல்லை என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை. இலண்டனில் 1834-இல் ஈதரை வைத்து இச்சுழற்சிக்குக் காப்புரிமை பெற்ற ஜேக்கப் பெர்கின்ஸ் முதல், இன்று சில பத்து கிராம் ஐசோபியூட்டேனைச் சுற்றவிடும் வீட்டுக் குளிர்பெட்டி வரை இந்த அமைப்பு அடிப்படையில் மாறவேயில்லை.

காற்றை வைத்துக் குளிரூட்டுகிறவர்களுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. இலட்சிய வாயுவைக் குறுகிய துளை வழியே அழுத்தம் குறையவிட்டால் அதன் வெப்பநிலை மாறாது. உண்மையான காற்றிலும் அறை வெப்பநிலையில் ஒரு பாருக்குக் கால் டிகிரி அளவே இறங்கும். காற்று குளிர வேண்டுமானால் அது பிஸ்டனையோ டர்பைனையோ தள்ளி வேலை செய்தாக வேண்டும். ஃபுளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளின் அறைகளைக் குளிர்விக்க முனைந்த ஜான் கோரி என்ற மருத்துவர் 1851-இல் காப்புரிமை பெற்ற பனிக்கட்டி இயந்திரத்தில் காற்றை அமுக்கும் சிலிண்டரும் அதை விரியவிடும் சிலிண்டரும் தனித்தனியே இருந்தன. பெல்–கோல்மன் இயந்திரமும் அப்படியே. அதைச் சுமந்த ஸ்ட்ராத்லெவன் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து 1880-இல் உறைந்த இறைச்சியை இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தது. சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் 1842-இல் எழுந்தபோது அதில் வைக்கப்பட்டது அமெரிக்காவின் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்துக் கப்பலில் வந்த பனிக்கட்டி என்பதை நினைத்தால், இடஞ்சுழிச் சுழற்சிகள் எவ்வளவு விரைவாக உலகத்தை மாற்றின என்பது விளங்கும். இன்று பயணி விமானத்தின் உள்ளே குளிர்ந்த காற்றைத் தருவது திருப்பிய பிரெய்டன் சுழற்சி. இறக்கையின் கீழ் வலஞ்சுழியாக ஓடும் ஜெட் எந்திரத்தின் கம்ப்ரசரிலிருந்தே பெரும்பாலான விமானங்களில் அதற்கான காற்று எடுக்கப்படுகிறது. ஒரே சுழற்சி இரு திசைகளிலும் ஒரே விமானத்தில் ஓடுகிறது.

ஆவி உறிஞ்சல் குளிர்பதனத்தைப் புதிரானது என்று மாணவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இந்த இரண்டாம் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதுவும் விளங்கிவிடும். ஆவியைக் கம்ப்ரசரால் அமுக்குவது செலவு மிக்கது. எனவே அம்மோனியா ஆவியைக் குளிர்ந்த தண்ணீரில் கரையவிட்டு, கரைசலைத் திரவமாகவே பம்பால் உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, அங்கே சூடேற்றி அம்மோனியாவைப் பிரித்தெடுக்கிறார்கள். பிரான்சின் பெர்டினான்ட் கர்ரே 1859-இல் செய்தது இதுதான். பாய்லர் பம்பில் நாம் பார்த்த அதே சலுகை. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் 1922-இல் ஹைட்ரஜனைச் சேர்த்து அந்தப் பம்பையும் நீக்கிவிட்டார்கள். இன்றும் சில விடுதி அறைகளில் ஓசையே இல்லாமல் நிற்கும் சிறு குளிர்பெட்டி அந்த வகை. இந்த இயந்திரத்தை வலஞ்சுழியிலும் சேர்க்க முடியாது, இடஞ்சுழியிலும் சேர்க்க முடியாது. வெப்பத்தால் ஓடும் எந்திரம் ஒன்றும் அது ஓட்டும் குளிர்பெட்டி ஒன்றும் ஒரே குழாய்க்கூட்டத்துக்குள் கலந்து கிடப்பதாகவே அதைப் பார்க்க வேண்டும். என் அட்டவணையில் இரண்டு பத்திகளுக்கும் நடுவே, கோட்டின்மேல் அதை எழுதினேன்.

இனி அந்த மாணவர் கேட்டதற்கு வருகிறேன். மூன்றாம் கேள்வி: நெருப்பு எங்கே இருக்கிறது? பாய்லரில் நெருப்பு குழாய்க்கு வெளியே எரிகிறது; உள்ளே தண்ணீர் மீண்டும் மீண்டும் அதே தண்ணீராகச் சுற்றுகிறது. அது உண்மையான சுழற்சி. பெட்ரோல் எந்திரத்தில் நெருப்பு செயல்படும் பொருளுக்குள்ளேயே மூள்கிறது. உள்ளே வந்தது காற்றும் பெட்ரோல் ஆவியும். வெளியே போவது கரியமில வாயுவும் நீராவியும் நைட்ரஜனும். போன பொருள் திரும்பி வருவதில்லை. அடுத்த முறை வருவது புதுக்காற்று. கடுமையாகச் சொன்னால் அங்கே சுழற்சியே நடக்கவில்லை. நாம்தான் எரிதலை “வெளியிலிருந்து வந்த வெப்பம்” என்றும், புகை வெளியேறுவதைப் “பருமன் மாறாமல் குளிர்தல்” என்றும் பெயர் மாற்றி, உள்ளே காற்று மட்டுமே இருப்பதாகக் கொண்டு, கோட்டை மூடி வரைகிறோம். காற்று நியமச் சுழற்சி என்று இதற்குப் பெயர். சுருக்க விகிதம் (அமுக்குவதற்கு முன்னுள்ள பருமன் பின்னுள்ளதைப் போல எத்தனை மடங்கு என்பது) 10 என்றால் அது 60 சதவீதப் பயனுறுதிறனைக் காட்டும். சாலையில் ஓடும் எந்திரம் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டியே நிற்கும். கணக்குக்கு உதவும் நல்ல ஓவியம்தான். ஆனால் ஓவியத்தைத் திருப்ப முடியும் என்பதால் எந்திரத்தையும் திருப்ப முடியும் என்று ஆகிவிடாது. எந்திரத்தைத் திருப்புவதென்றால் புகை மீண்டும் பெட்ரோலாக வேண்டும்.

டீசலின் கதையும் இதே கட்டத்தில்தான் அடங்குகிறது. ருடால்ஃப் டீசல் முதலில் தேடியது கார்னோவை ஒட்டிய எந்திரம். எரியும்போது வெப்பநிலையே உயராதபடி எரிபொருளை மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும் என்று எண்ணினார். அதற்குத் தேவைப்பட்ட அழுத்தங்கள் கட்டுக்கடங்காதவை என்று அவரே கண்டுகொண்டு, அழுத்தம் மாறாமல் எரியும் முறைக்கு இறங்கி வந்தார். 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் சோதிக்கப்பட்ட அவருடைய எந்திரம் 26 சதவீதத்தை எட்டியது. அக்கால நீராவி எந்திரங்கள் கனவிலும் காணாத எண் அது. ஒரே சுருக்க விகிதத்தில் ஒப்பிட்டால் ஆட்டோ சுழற்சியே மேல். ஆனால் டீசலில் காற்றை மட்டும் அமுக்குவதால், எரிபொருள் முந்தி வெடித்துவிடும் அச்சமின்றி மிக உயர்ந்த விகிதம் வைக்க முடிகிறது. இன்றைய வேக டீசல் எந்திரங்களில் எரிதல் பாதி பருமன் மாறாமலும் பாதி அழுத்தம் மாறாமலும் நடப்பதால் இரட்டைச் சுழற்சியே அவற்றுக்குப் பொருந்தும். எல்லாமே உள்ளெரி வகை; எதிரே உள்ள கட்டங்களும் காலி.

மறுநாள் இவ்வளவையும் சொன்ன பிறகு அதே மாணவர் மேலும் ஒன்று கேட்டார். பெட்ரோலை விட்டுவிடுவோம், மூடிய சிலிண்டரில் காற்றை வைத்து, ஓவியத்தில் உள்ளபடியே இடஞ்சுழியாக ஓட்டினால் என்ன? நியாயமான கேள்வி. தாளில் அது வேலை செய்கிறது: சுருக்க விகிதம் 2 என்றால் செயல்திறன் குணகம் 3-க்குச் சற்று மேல் வருகிறது. தடை நேரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எந்திரத்தில் ஒரு வீச்சுக்குக் கிடைப்பது 10 மில்லி விநாடி. நெருப்பு உள்ளேயே மூண்டால் அதில் ஒரு பகுதி நேரத்துக்குள் வாயு முழுவதையும் சூடாக்கிவிடும். சிலிண்டர்ச் சுவர் வழியாக அதே வெப்பம் உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டுமானால் பிஸ்டன் முனையில் நின்று காத்திருக்க வேண்டும். பருமன் மாறாத வெப்ப மாற்றம் உள்ளெரி எந்திரங்களுக்கே உரியதாகிப் போனதற்கும், வெளியெரி வகைகள் குழாய்களில் தொடர்ந்து ஓடும் பாய்ச்சலை நாடியதற்கும் இதுவே காரணம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்ற எந்திரத்தில், மூடிய வாயு சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் இடையே மாறி மாறிச் செல்லும் வழியில், வெப்பத்தைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரும் ஒரு பகுதியை அமைத்தார். பிற்காலத்தில் அது நுண்ணிய உலோகக் கம்பிவலை அடுக்காக வளர்ந்தது. வலையின் பரப்பு மிகப் பெரிது என்பதால், சுவரால் முடியாத பருமன் மாறா வெப்ப மாற்றம் அங்கே மில்லி விநாடிகளில் நடந்துவிடுகிறது. மீட்பி எனப்படும் இந்தப் பகுதி குறையற்றதாக இருந்தால் ஸ்டிர்லிங்கும், அதன் உறவான எரிக்சனும், கார்னோ எல்லையையே தொடும். நெருப்பு வெளியே, பொருள் உள்ளேயே, எரிந்து தீர்வது எதுவுமில்லை. எனவே அதைத் திருப்புவதற்குத் தடையும் இல்லை. ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தினர் ஸ்டிர்லிங் எந்திரத்தை மோட்டாரால் சுழற்றி, 1950-களில் காற்றையே திரவமாக்கும் கருவியாக விற்றார்கள்; செயற்கைக்கோள்களின் அகச்சிவப்பு உணரிகளை 80 கெல்வினை ஒட்டி வைத்திருக்கும் சிறு குளிர்விப்பிகள் பலவும் இன்று அதே சுழற்சியில் ஓடுகின்றன.

எங்கள் ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கால் ஓடும் ஸ்டிர்லிங் மாதிரி ஒன்று இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் விளக்கை அணைத்து, எந்திரம் ஆறியதும், அதன் சக்கரத்தில் ஒரு சிறு மோட்டாரின் பட்டையை மாட்டி, விளக்கு சூடாக்கிய முனையில் வெப்பநிலைமானியைப் பொருத்துகிறேன். மோட்டாரை முதலில் ஒரு திசையில் ஓட்டினால் அந்த முனை மெல்லச் சூடாகிறது. பட்டையைக் குறுக்காக மாட்டிச் சக்கரத்தை மறுதிசையில் சுற்றினால், சில நிமிடங்களில் வெப்பநிலைமானி அறையின் அளவுக்குக் கீழே இறங்கத் தொடங்குகிறது.